மாமாவின் இரண்டாவது வண்டி

போன மாதம் தேனியில் முழங்காலுக்காக ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். நம் வயதுக்காரர்கள் பாதிப் பேரை அங்கே பார்க்கலாம். நின்ற இடத்திலேயே ஓடுகிற சைக்கிள் ஒன்றில் ஏற்றிவிட்டு, "முன்ன சைக்கிள் ஓட்டியிருக்கீங்களாம்மா?" என்று அங்கே வேலை செய்யும் பெண் கேட்டாள். ஓட்டியிருக்கிறேன் என்றேன். பந்தயத்தில் என்று சொல்லவில்லை. சொன்னால் பாவம், முகத்துக்கு நேரே சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் தவித்திருப்பாள். உங்களிடம் சொல்லலாம். மாடுகளுக்குக் கோமாரி வந்த வருடம் உங்களுக்கும் நினைவிருக்கும்.

எங்கள் ஊர் ஓடைப்பட்டிக்குக் கிழக்கே, மலையை ஒட்டி இருக்கிறது. ஆடி மாதம் எங்களுக்கு மழை கிடையாது. மழையெல்லாம் மேற்கே கேரளத்துக்காரன் வாங்கிக்கொள்வான். எங்களுக்கு வருவது காற்றும், காற்றோடு வருகிற சாரலும்தான். அந்தச் சாரல் மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும். குடை பிடித்தவன் குடையைத் துரத்திக்கொண்டு ஓடுவான். கொடியில் காயப்போட்ட பாவாடையை அடுத்த தெருவில் போய் எடுத்து வருவோம். சோற்றில் மண் கடிபடும். திராட்சைப் பந்தலின் கம்பிகள் நாள் முழுக்க முனகிக்கொண்டே இருக்கும். இப்போது அந்தப் பக்கம் காற்றாலைகள் நிற்பதைப் பார்க்கிறேன். அந்தக் காற்றால் யாருக்கோ பிரயோசனம் இருக்கிறது என்பதே எனக்குப் புதிதாக இருக்கிறது.

அந்தக் காற்றில்தான் எங்கள் அம்மன் கோயில் திருவிழா வரும். திருவிழா என்றால் மாட்டு வண்டிப் பந்தயம். பெரிய மாடு, சின்ன மாடு, அதற்கும் சிறியதாகப் பூஞ்சிட்டு என்று பிரித்து ஓடவிடுவார்கள். அந்த வருடம் பார்த்துக் கோமாரி வந்துவிட்டது. ஊரில் ஒரு மாடு விடாமல் வாயில் நுரை, குளம்பில் புண். பூட்டுவதற்கு ஒரு சோடி இல்லை.

விழாக் கமிட்டித் தலைவருக்கு உயிரே போய்விட்டது. "பந்தயம் இல்லாம என்னப்பா திருவிழா? ஆத்தா நம்மள என்னன்னு நெனப்பா?" என்று கோயில் முன்னால் நின்று புலம்பினார். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மாட்டுக்குப் பதிலாகச் சைக்கிள் ஓட்டுவது. மலைமேல் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த ஒரு முதலாளி, முதல் பரிசாக ஒரு புது சைக்கிளே தருவதாகச் சொல்லிவிட்டார்.

சைக்கிள் பந்தயம் எப்படி நடத்துவது என்று கமிட்டியில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் மாட்டு விதிப்படியே வைத்துக்கொண்டார்கள். மாட்டின் உயரத்தை அளக்கிற மூங்கில் குச்சியை எடுத்து, சைக்கிளைத் தரையிலிருந்து சீட்டுவரை அளந்தார்கள். உயரமான சைக்கிள் எல்லாம் பெரிய மாடு. கொஞ்சம் குட்டையானவை சின்ன மாடு. வாடகைக் கடைச் சின்ன சைக்கிள்கள் பூஞ்சிட்டு. ஓட்டுகிறவனுக்கு என்ன வயது, என்ன உயரம் என்று யாரும் கேட்கவில்லை. சின்ன மாட்டில் சேருவதற்காகச் சீட்டை இறக்கிக் கட்டிக்கொண்டு வந்த இரண்டு பேரைப் பிடித்து, அளவு நேரத்தில் மாட்டைக் குனியவைக்கிற திருட்டுக்கு என்ன வசவோ அதே வசவைக் கொடுத்து அனுப்பினார்கள். பதிவும் வண்டிச் சொந்தக்காரர் பெயரில்தான்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாக இருந்திருக்கும், அந்த நேரத்தில் எனக்கு ஒரு கவலை இல்லாமல் இருந்திருந்தால்.

எங்கள் ஊரில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். ஒன்பதுக்கு ஓடைப்பட்டி போக வேண்டும். பஸ் விடிகாலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று; பள்ளிக்கூட நேரத்துக்கு இரண்டும் ஒத்துவராது. பையன்கள் சைக்கிளில் போனார்கள். நான் ஜூன் மாதத்திலிருந்து வீட்டில் இருந்தேன். காலையில் திராட்சை வெட்டக் கத்தரியோடு தோட்டத்துக்குப் போவேன், சாயங்காலம் வருவேன். எட்டாம் வகுப்பு வாத்தியார் ஒருநாள் அப்பாவிடம் வந்து, "சுதந்திர தினம் வரைக்கும் இடம் வச்சிருக்கேன்னு ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர் சொல்லியிருக்காருங்க. அதுக்குள்ள கொண்டுவந்து சேர்த்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா கெட்டவர் இல்லை. முடியாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. காரணம் மட்டும் சொல்வார். "இந்தக் காத்துல ஆம்பளைகளே எறங்கித் தள்ளுறாக. பொம்பளப் பிள்ள எங்கன மிதிக்க?" என்பார். நான் மிதிப்பேன் என்றால், "வண்டி எங்கன இருக்கு? இருக்குற ஒண்ணத்தான் நான் தோட்டத்துக்குக் கொண்டுபோறேன்" என்பார். அம்மா எதுவும் பேசமாட்டாள். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரமாக வரும்.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். பந்தய மாட்டுக்காரர். அவர் வீட்டில் இரண்டு சைக்கிள் இருந்தன. ஒன்று அவர் மகன் ஓட்டுவது, டைனமோ விளக்கெல்லாம் வைத்தது. மற்றொன்று திராட்சைப் பெட்டி ஏற்றிக் கட்டுகிற பழைய வண்டி. பின்னால் கனத்த கேரியர், இரும்புத் தாங்கி, அதைத் தூக்கி நிறுத்தவே ஒரு ஆள் வேண்டும். மாட்டுப் பந்தயத்தில் வசதியானவர்கள் இரண்டு வண்டி விடுவார்கள். ஒன்று ஜெயிப்பதற்கு, இன்னொன்று மற்றவர்களை முந்தவிடாமல் வழி மறிப்பதற்கு. மாமாவும் அதேபோல் இரண்டு சைக்கிளையும் பதிவு செய்துவிட்டார்.

"மறிக்கிற வண்டிக்கு ஆள் சிக்கல மாப்ள. பயலுக பூராம் சொந்த வண்டியில ஏறிட்டானுக" என்று அப்பாவிடம் சலித்துக்கொண்டார்.

"நான் ஓட்டுறேன் மாமா" என்றேன்.

மாமா என்னைக் காலிலிருந்து மேலே பார்த்தார், சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல. பிறகு சிரித்தார். "ஓட்டட்டுமே. மறிக்கத்தானே போறா. எம்மகன் முன்னால போயிருவான், இவ பின்னாலேயே நடுரோட்டுல போனாச் சரி."

அப்பாவும் சிரித்தார். "போ, போ. அந்தப் புது வண்டிய ஜெயிச்சுக் கொண்டா. ஒன்பதாம் வகுப்பென்ன, காலேசுக்கே அனுப்புறேன்."

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

பந்தயத்தன்று விடிந்ததிலிருந்தே காற்று பேயாட்டம் ஆடியது. கமிட்டி போட்ட பந்தல் பறந்துபோய் வாய்க்காலில் கிடந்தது. மைக்செட்காரர் புனல் ஒலிபெருக்கியை வேப்பமரத்தில் கயிறு போட்டுக் கட்டியும் அது ஆடிக்கொண்டே இருந்ததால், அறிவிப்பு ஒரு நேரம் காதைக் கிழித்தது, ஒரு நேரம் கேட்கவே இல்லை. நாங்கள் போக வேண்டியது மேற்கே, ஓடைப்பட்டி ஹைஸ்கூல் வாசல்வரை. அங்கே நிற்கிற கமிட்டி ஆள் ஹேண்டில்பாரில் சிவப்புச் சாயம் பூசுவார். மாட்டுக்குக் கொம்பில் பூசுவார்கள். பிறகு திரும்பி வர வேண்டும்.

பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு பழைய வண்டியைத் தள்ளி வந்து வரிசையில் நிறுத்தியதும் ஒரே சத்தம். "பொட்டப் பிள்ளைய யாருப்பா விட்டது?" என்று ஒருவர் கத்தினார். எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள்.

தலைவர் என் வண்டியைப் பார்த்தார். "வண்டி அளவு சரியா இருக்கா?"

"இருக்கு. பெரிய மாடு."

"சொந்தக்காரருக்குச் சம்மதமா?"

"சம்மதந்தான்" என்றார் மாமா.

"பெறகென்ன? ஓட்டுறது யாருன்னு நம்ம விதியில இல்ல. வெடியப் போடுங்கப்பா."

அந்த ஒரு வார்த்தைக்காக அவரை அன்றைக்குக் கும்பிட்டிருப்பேன். சாயங்காலத்துக்குள் மனசு மாறிவிட்டது, அது பிறகு.

வெடி போட்டதும் பையன்கள் சீட்டில் ஏறி நிமிர்ந்து உட்கார்ந்து மிதித்தார்கள். எனக்கு அந்த வண்டியில் பாருக்கு மேலே கால் எட்டாது. பாருக்கு அடியில் வலது காலை நுழைத்து, உடம்பைக் கோணலாக்கிக்கொண்டு அரைப் பெடல்தான். பார்க்கிறவர்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. ஆனால் ஊர் எல்லை தாண்டி வெட்டவெளி வந்ததும்தான் விஷயம் தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தவர்களின் சட்டைக்குள் காற்று புகுந்து முதுகுப்பக்கம் மூட்டை கட்டியது. மிதிக்க மிதிக்க வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. நான் ஹேண்டில்பாருக்குக் கீழே தலையை வைத்திருந்ததால் காற்றில் பாதி என் மேலே போய்விட்டது. காற்று பக்கத்திலிருந்து ஒரு அடி அடித்தபோது இரண்டு சைக்கிள் திராட்சைத் தோட்ட வேலிக்குள் சாய்ந்தன. என் இரும்பு வண்டியை அசைக்கக் காற்றால் முடியவில்லை. மாமா கேரியரைக் கழற்றாமல் விட்டதற்கு அவர் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாரல் கண்ணில் ஊசியாகக் குத்தியது. வாயைத் திறந்தால் மண். தார் ரோட்டின் ஓரத்தில் உடைந்த புளியங்கிளைகள் கிடந்தன. ஓடைப் பாலத்து ஏற்றத்தில் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். நானும் தள்ளினேன். அழுதேன்கூட. காற்றில் எனக்கே கேட்கவில்லை என்பதால் நன்றாகவே அழுதேன். மறிப்பதற்கு என் பின்னால் நாலைந்து பேர்தான் மிச்சம் இருந்தார்கள். அவர்களுக்கும் என்னை முந்துகிற எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஹைஸ்கூல் வாசலில் சாயக்காரர் மதில் ஓரம் சாக்கைப் போர்த்திக்கொண்டு குத்தவைத்திருந்தார். என் ஹேண்டில்பாரில் பூசும்போது, "ஏத்தா, நீயா? நாலு பேருதான் ஒனக்கு முன்னால திரும்பியிருக்கானுக" என்றார். எனக்கு அதைவிட, பூட்டிக் கிடந்த அந்தக் கேட்டைப் பார்த்ததுதான் பெரிதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. உள்ளே கொடிக்கம்பம் தெரிந்தது. வந்துவிட்டேன், மிதித்தே வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அதைப் பார்த்த ஒரே சாட்சி அந்தச் சாக்குக்காரர்.

திரும்பும்போது காற்று முதுகில். மிதிக்கவே வேண்டாம். அதுதான் ஆபத்து. ரிம் ஈரமானதால் யாருக்கும் பிரேக் பிடிக்கவில்லை. பாலத்து இறக்கத்தில் ஒருவன் நேராகப் பருத்திக் காட்டுக்குள் போய்விட்டான். இன்னொருவன் பயந்து இறங்கி நடந்தான். மூன்றாவது ஆளின் செயின் கழன்றுவிட்டது. எனக்கு முன்னால் மாமா மகன் மட்டும்தான். அவனுக்குப் பதினாறு வயது. பெரிய மனுசன் என்று காட்டிக்கொள்வதற்காக டவுசர் போடாமல் கைலி கட்டிக்கொண்டு வந்திருந்தான். காற்று அந்தக் கைலியைத் தூக்கி அப்படியே செயினுக்குள் கொடுத்தது. நான் பக்கத்தில் போகும்போது அவன் கைலியோடு கட்டுண்டு ரோட்டில் கிடந்தான்.

"ஏய் நில்லு! நில்லுடி! நீ மறிக்கத்தானே வந்த!"

நிற்க நினைத்தாலும் பிரேக் இல்லை. நினைக்கவும் இல்லை.

கோயில் முன்னால் பந்தயம் முடிகிற இடத்தில் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு போய் வைக்கோல் போரில் மோதித்தான் நின்றேன். ஒலிபெருக்கி என் மாமா பெயரை அலறியது. "பெரிய மாட்டுல மொதப் பரிசு, நம்ம ஊர்..." என்று அவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும் சொன்னது. மாமா மேடைக்குப் போனார். முதலாளி புது சைக்கிளை அவர் கையில் கொடுத்தார். பழைய வண்டிக்கு ஹேண்டில்பாரில் மாலை போட்டு மட்கார்டில் குங்குமம் வைத்தார்கள். மாட்டுப் பந்தயத்தில் ஓட்டினவனுக்கு ஒரு துண்டு போர்த்துவது வழக்கம். துண்டோடு ஒருவர் என்னிடம் வந்தார். பெண் பிள்ளைக்கு எப்படிப் போர்த்துவது என்று தயங்கி, அப்பா தோளில் போர்த்திவிட்டுப் போய்விட்டார்.

என் பெயரை யாரும் சொல்லவில்லை. வண்டி என் கைக்கு வரவில்லை. இதில் கமிட்டிக்காரர்கள் வஞ்சனை செய்ததாக நான் சொல்லமாட்டேன். மாடு ஜெயித்தால் பரிசு மாட்டுக்காரருக்கு. அவர்களுக்கு வேறு எதுவும் தோன்றவே இல்லை. என்னை ஓடவிட்டதும் அந்த விதிதான். ஆனால் வைக்கோல் போர் பக்கத்தில் முழங்காலில் ரத்தத்தோடு நின்றபோது தலைவரைக் கும்பிட எனக்குக் கை எழவில்லை.

அப்பா வந்து, "பரவாயில்லையே, ஓட்டிட்டியே" என்றார். பிறகு, "காத்துப் பின்னால இருந்து தள்ளியிருக்கும்" என்றார். ஊரே அப்படித்தான் நினைத்தது. முடிகிற இடத்தில் நின்றவர்கள் நான் திரும்பி வந்ததை மட்டும்தான் பார்த்தார்கள்.

சாயங்காலம் மாமா புது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பாரில் சுற்றிய பழுப்புக் காகிதம் பிரிக்காமல் இருந்தது. புது ரப்பர் வாசனை வாசல்வரை அடித்தது. மாமா நல்லவர், கொடுத்துவிடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கொடுக்கத்தான் வந்திருந்தார்.

"மாப்ள, பிள்ள ஆசப்பட்டுட்டா. இதுலயே பள்ளிக்கூடம் போகட்டும். வண்டி எம்பேர்ல இருந்தா என்ன, இவ பேர்ல இருந்தா என்ன? நாளைக்கு எங்க வீட்டுக்கு வரப்போற பிள்ளதானே. எம்மகனுக்கு இவதான்னு இப்பவே ஒரு வார்த்த பேசி வச்சிக்கிருவோம்."

அப்பா முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம், வண்டி, கல்யாணம், மூன்றும் ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிட்டது அவருக்கு. "மச்சான் சொன்னா மறுபேச்சு என்ன இருக்கு?" என்றார். அம்மா காப்பியோடு உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

நான் சைக்கிளைப் பார்த்தேன். எவ்வளவு ஆசையாக இருந்தது என்று இப்போது சொன்னால் வெட்கம்தான். மாமா மகன் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, கைலியோடு கிடந்ததைத் தவிர. ஆனால் நான் ஜெயித்ததை எனக்கே யாரோ தானம் தருவதுபோலத் தருகிறார்கள், அதற்கு விலையாக என்னையும் கேட்கிறார்கள் என்பது மட்டும் அந்த வயதிலேயே புரிந்தது.

"அப்படின்னா எனக்கு வண்டி வேணாம்" என்றேன்.

அப்பா திரும்பினார். "வேணாம்னா பள்ளிக்கூடமும் கெடையாது. தெரியும்ல?"

அப்போது அம்மா காப்பித் தம்ளரை மாமா முன்னால் வைத்தாள்.

"அவ நடந்து போவா. நான் கொண்டுபோயி விடுறேன்."

"அம்புட்டுத் தூரமா? இந்தக் காத்துலயா? ஒனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருச்சா தங்கச்சி?" என்றார் மாமா.

"காப்பிய ஆறவிடாமக் குடிங்கண்ணே. குடிச்சிட்டு வண்டியக் கொண்டுபோங்க."

அம்மா தன் அண்ணனிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மாமா காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

அந்தப் புது சைக்கிளை மாமா யாரையும் ஓட்டவிடவில்லை. மருமகளுக்கு என்று சொல்லிக் காகிதம் பிரிக்காமலே வைத்திருந்தார். பல வருடம் கழித்துக் கம்பத்திலிருந்து அவருக்கு மருமகள் வந்தாள். தங்கமான பெண். அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. டயர் உளுத்துப்போய் அது பழைய இரும்புக்குத்தான் போனது. எங்கள் அப்பா புரட்டாசியில் ஒருநாள் எங்கிருந்தோ ஒரு பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, சுவரில் சாத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். அதற்குள் காற்றெல்லாம் நின்றுவிட்டது.

அதுவரை நானும் அம்மாவும் நடந்தோம். இருட்டு பிரிகிற நேரத்தில் அம்மா சோற்றை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்புவாள். என்னைக் கேட்டில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்து தோட்டத்துக்குப் போவாள். முதல் நாள் ஓடைப் பாலத்து ஏற்றத்தில் காற்று எங்களைப் பின்னால் தள்ளியபோது எனக்குப் புது சைக்கிள் ஞாபகம் வந்து அழுகையாக வந்தது.

"ஏம்மா, வண்டிய மொதல்ல வாங்கிக்கிட்டு, பெறகு கல்யாணம் வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

அம்மா முந்தானையை இடுப்பில் இறுக்கிக்கொண்டே சொன்னாள்: "நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"எப்ப?"

"எனக்குக் கல்யாணம் பேசினப்ப. ஒங்கப்பா வீட்டுல ஒரு சோடி பந்தய மாடு நின்னுச்சு. எங்கண்ணனுக்கு அது மேல கண்ணு. மாட்ட ஓட்டிட்டுப் போங்க, பொண்ணப் பத்திப் பெறகு பேசிக்கிருவோம்னு ஒங்கப்பா வீட்டுல சொன்னாக. மாடு எங்க வீட்டுத் தொழுவுக்கு வந்துருச்சு. வந்தபெறகு எந்த வாயால வேணாம்னு சொல்ல?"

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கேட்க வேண்டியது எத்தனையோ இருந்தது. நான் கேட்டது இதுதான்:

"அந்த மாடு ஜெயிச்சுச்சாம்மா?"

"எங்கன ஜெயிச்சுச்சு? பாதி ரோட்டுலயே படுத்துக்கிருச்சு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். "நட, நட. மணி அடிச்சிருவாக."